பதினோரு டிரைவ் வேண்டாம், தம்பி

சேலையூர்

அன்புள்ள தம்பிக்கு,

சிடி, டிவிடித் தட்டுகளைப் பிரதி எடுக்கும் மெஷினுக்காக நீங்கள் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் பார்த்தேன். ஒன்று, பதினோரு ரைட்டர் கொண்ட டவர். அடுத்தது, தட்டைத் தானே எடுத்து, எழுதி, மேலே படமும் அச்சடித்துத் தரும் ரோபோ மெஷின். கடைசியாக, இரண்டு டிரைவ் போட்ட சாதாரணக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரையே வாங்குங்கள். பர்ச்சேஸ் கமிட்டிக்கு இது சப்பென்று இருக்கும். மிச்சமாகும் பணத்தை எதில் போடுவது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன். பல்லாவரம் முதல் மறைமலை நகர் வரை கல்லூரி நூலகங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இன்னும் சிலரும் இதையே கேட்டார்கள். அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

டவர் என்பது ஒரே தட்டிலிருந்து ஒரே மூச்சில் பல பிரதி எடுப்பவர்களுக்காகச் செய்த மெஷின். மேலே ஒரு ரீடர், கீழே வரிசையாக ரைட்டர்கள், முகப்பில் இரண்டு வரி காட்டும் சின்னத் திரை, நாலு பட்டன். கம்ப்யூட்டரே வேண்டாம். யாருக்கு இது தேவைப்பட்டது என்று யோசித்தாலே விஷயம் விளங்கிவிடும். ஆராதனை முடிந்து ஜனங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அன்றைய பிரசங்கத்தை சிடியாகக் கையில் கொடுக்க நினைத்த சபைகள், மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் சேர்த்து இருபது டிவிடி போட வேண்டியிருந்த கல்யாண வீடியோக்காரர்கள், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிடி கொடுத்த கோச்சிங் சென்டர்கள். நூலகத்தின் வேலை தலைகீழ். நம்மிடம் இருப்பது நூற்றுக்கணக்கில் வேறு வேறு தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் வேண்டியது ஒரு பிரதி, மிஞ்சினால் இரண்டு. பதினோரு ரைட்டரில் பத்து சும்மா நிற்கும். ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கதைதான்.

கணக்குப் போட்டே பாருங்கள். 700 எம்பி சிடியை 16 மடங்கு வேகத்தில் எழுத ஐந்து நிமிடம். தொடக்கமும் முடிப்பும் சேர்த்தால் ஆறேழு. எழுதியதைச் சரிபார்க்க இன்னும் அவ்வளவு. தட்டு மாற்றுவது, பெயர் எழுதுவது, நடுவில் யாராவது வந்து கேள்வி கேட்பது எல்லாம் போக ஒற்றை டிரைவில் ஒரு நாளைக்கு இருபது தட்டு தாராளமாக முடியும். அறுநூறு சிடி இருந்தாலும் முப்பது வேலை நாள். நூலகத்தில் எந்த வேலைக்கு முப்பது நாள் அதிகம்?

ரோபோ மெஷின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. எப்சன், பிரைமேரா போன்றவர்கள் செய்தவை நல்ல மெஷின்கள்தான். கை ஒன்று இறங்கி, தட்டின் நடுத்துளையைப் பிடித்துத் தூக்கி, டிரைவில் வைத்துவிட்டுப் போவது பார்க்கவே அழகு. சிக்கல் இரண்டு. முதலாவது நம் ஊர்க் காற்று. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்பிண்டிலில் அடுக்கிய தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கை ஒன்றுக்கு இரண்டாகத் தூக்கும், பாதி வழியில் ஒன்றைப் போடும். அடுக்குவதற்கு முன் தட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிவிட வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும். இரண்டாவது, அந்தக் கையில் ஒரு பெல்ட் போனால் தெருமுனையில் கிடைக்காது. டீலரிடம் ஏ.எம்.சி. பற்றிப் பேசும்போது, உதிரி பாகம் சென்னையில் ஸ்டாக் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள்.

எந்த மெஷின் என்று கேட்டீர்கள். அலமாரியில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டுக் கல்லூரி நூலகம் என்றால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பின் அட்டைப் பையில் சிடியோடு வந்த கம்ப்யூட்டர், இன்ஜினியரிங் புத்தகங்கள் ஒரு பெரிய குவியல். அவற்றில் பாதி மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடாது. ஓடாதவற்றைப் பிரதி எடுக்க அவசரமே இல்லை. அடுத்தது ஆய்வேடுகள். பிஎச்.டி. ஆய்வேட்டின் மென்பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று யுஜிசி 2009-இல் விதி செய்ததிலிருந்து, பைண்டு செய்த ஆய்வேட்டோடு ஒரு சிடியும் வந்து சேர்ந்தது. அச்சுப் பிரதி அலமாரியில் கம்பீரமாக நிற்கும். சிடி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். மூன்றாவது, கல்லூரி விழாக்கள், சொற்பொழிவுகள், யாரோ ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும்போது கொடுத்துவிட்டுப் போன கேசட்டுகள், இசைத்தட்டுகள்.

இந்த மூன்றில் முதலில் கை வைக்க வேண்டியது ஆய்வேட்டு சிடி. ஏன் என்று தெரிய ஒன்றை எடுத்து ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலே வட்டமாக வெட்டிய ஸ்டிக்கர் இருக்கும். தலைப்பு, ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர் எல்லாம் அழகாக அச்சடித்திருக்கும். ஸ்டிக்கரின் ஓரம் எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே ஊசி குத்தியது போல வெளிச்சம் தெரியும். சிடி-ஆரில் எழுத்து நிற்கும் சாயப்பூச்சும் அதன் மேலுள்ள உலோகப் பூச்சும் பளபளக்கும் அடிப்பக்கத்தில் இல்லை. பெயர் எழுதுகிற மேல்பக்கத்தில், ஒரு மெல்லிய அரக்குக்கு அடியில் இருக்கின்றன. பசை ஈரத்தில் ஊறி, ஸ்டிக்கர் சுருண்டு எழும்பினால் உலோகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், இதைச் சரிசெய்ய முடியாது. டிவிடியில் எழுத்து இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் ஸ்டிக்கரின் எடை ஒரு பக்கமாக இழுத்தால் டிவிடி சுழலும்போது ஆடும், டிரைவ் படிக்கத் திணறும். ஆகவே ஏற்கெனவே ஒட்டியதை உரிக்காதீர்கள், புதிதாக எதையும் ஒட்டாதீர்கள்.

இனி, பிரதி எடுப்பது என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த அச்சுச் செல்வம் அது. அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து 1994-இல் நூலகமாக்கினார்கள். அங்கே தொடக்க காலத்திலிருந்தே பெரிய வேலை மைக்ரோஃபிலிம். அந்தத் தொழிலில் காமிராவில் எடுத்த முதல் நெகட்டிவை யாரும் படிக்கக் கேட்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அது குளிரூட்டிய அறைக்குப் போய்விடும். அதிலிருந்து ஒரு இரண்டாம் நெகட்டிவ், இரண்டாவதிலிருந்து வாசகருக்கான பிரதி. ரீடரில் மாட்டி மாட்டிக் கீறிப்போனால் இரண்டாவதிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்வார்கள். முதலாவதைத் தொட வேண்டியதே இல்லை.

சிடி விஷயத்திலும் அதே மூன்று படி வேண்டும். ஆனால் முதல் படி இன்னொரு சிடியாக இருக்கக் கூடாது. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசா 2009-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்: எழுதக்கூடிய தட்டுகளை, முறையான கருவியால் பிழை அளந்து பார்க்காமல், பாதுகாப்புப் பிரதியாக நம்பக் கூடாது. எனவே முதலில் தட்டு முழுவதையும் ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, ஹார்ட் டிஸ்கில் இறக்குங்கள். அந்த ஃபைலுக்கு ஒரு செக்சம் எண் எடுத்து ரெஜிஸ்டரில் அக்செஷன் நம்பருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும், அதனால் பத்து வருஷம் கழித்து வருபவரும் சில நொடிகளில் சோதித்துவிடலாம். அந்த ஃபைலை வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள். வாசகர் பிரதியை எப்போதும் ஃபைலிலிருந்து மட்டுமே எழுதுங்கள். ஐந்நூறு ஆய்வேடு, ஒவ்வொன்றும் சிடி நிரம்ப இருந்தாலும் மொத்தம் 350 ஜிபி. 1 டெராபைட் டிஸ்கில் பாதிகூட நிறையாது.

இதற்குக் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது. தனியாக நிற்கும் டவர் தட்டிலிருந்து தட்டுக்கு ஊற்றிக்கொண்டே போகும். நடுவில் நம் கையில் ஒன்றும் தங்காது. உள்ளே ஹார்ட் டிஸ்க் வைத்த டவரும் உண்டு, ஆனால் அதில் சேர்த்த இமேஜ் பெரும்பாலும் அந்த டவருக்கே புரிகிற வடிவில் கிடக்கும். மெஷின் போனால் அதுவும் போச்சு.

தட்டு தேய்ந்திருந்தால் டவர் பிழை என்று சொல்லி நின்றுவிடும். கம்ப்யூட்டரில் அப்படி நிற்க வேண்டியதில்லை. டிடிரெஸ்க்யூ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் வாரிக்கொள்ளும். எங்கெங்கே ஓட்டை விழுந்தது என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு ஓட்டைகளை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். அதைவிட முக்கியம், தட்டை வேறு டிரைவில் போட்டு அதே குறிப்போடு தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடும், இரண்டின் விளைச்சலும் ஒரே ஃபைலில் சேரும். இதனால்தான் இரண்டு டிரைவ் கேட்டேன். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம். லேசரும் அதன் பின்னால் இருக்கும் சிப்பும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒன்றுக்குக் கண் தெரியாத இடத்தில் மற்றது பார்க்கும்.

பாட்டு சிடி, பேச்சு சிடி என்றால் இன்னும் ஒரு படி ஜாக்கிரதை வேண்டும். இதைத்தான் டீலர்கள் யாரும் சொல்வதில்லை. சிடியில் ஒரு செக்டருக்கு 2,352 பைட். டேட்டா சிடியில் அதில் 2,048 மட்டும் நம் ஃபைலுக்கு, பாக்கியில் பெரும்பகுதி கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. ஆடியோ சிடியில் 2,352-உம் ஒலிக்கே போய்விடும், அந்தக் கூடுதல் காவல் இல்லை. கீறல் கொஞ்சம் பெரிதாக இருந்து, இருக்கிற திருத்தமும் போதாமல் போனால், பிளேயர் இரண்டு பக்கத்து ஒலியையும் பார்த்து நடுவில் ஒன்றை இட்டுக்கட்டிக்கொள்ளும். காதுக்குத் தெரியாது. பாட்டு கேட்கிறவருக்கு அது வசதிதான். பிரதி எடுக்கிறவருக்குக் கேடு, ஏனென்றால் இட்டுக்கட்டியது புதுத் தட்டில் அசலைப் போலவே உட்கார்ந்துவிடும். புதுத் தட்டைச் சோதித்தால் குறையே இராது. அடுத்த பிரதி, அதற்கடுத்தது என்று ஒவ்வொரு கீறலும் பொய்யாக நிலைத்துப்போகும். ஆகவே ஆடியோ சிடியை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சிடிபாரனோயா போன்றவற்றால் எடுங்கள். அவை சந்தேகமான இடத்தை மறுபடி படித்து, இரண்டு முறையும் ஒன்றே வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் எந்த இடத்தில் என்று அறிக்கை தரும். அந்த அறிக்கையையும் ஃபைலோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

கேசட்டும் இசைத்தட்டும் தனிக் கடிதத்துக்கு உரியவை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவற்றை நேராக சிடிக்கு ஏற்றாதீர்கள். காப்பகங்களின் பரவலான வழக்கம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். சிடி தாங்குவது 16 பிட், 44.1. மூன்றரை நிமிடம் ஓடும் 78 ஆர்பிஎம் தட்டின் ஒரு பக்கம் அந்த உயர்ந்த அளவில் மோனோவாக 60 எம்பிதான் பிடிக்கும். ஆயிரம் பக்கம் 60 ஜிபி. இடம் ஒரு சாக்கே இல்லை. அதிலிருந்து இறக்கி வாசகர் சிடி போட்டால் ஒன்றில் இருபது பக்கம் அடங்கும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் பிரிவு எண்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நூலகர் கடமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை வணிக நோக்கில்லாத பொது நூலகம் மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். 2012 திருத்தத்தின்படி, டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே நூலகத்தில் இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்னணு வடிவில் சேமிக்கலாம். பாடப்புத்தக சிடி ஏற்கெனவே டிஜிட்டல், ஆகவே அந்தக் கதவு அதற்குத் திறக்காது. கம்ப்யூட்டர் நிரல்களுக்கு இழப்பு, சேதத்துக்கு எதிரான காப்புப் பிரதிக்குத் தனி அனுமதி இருக்கிறது. அதன் உணர்வை மதித்து நடப்பதானால் ஒன்றைப் பூட்டி வைத்து ஒன்றைக் கொடுங்கள். இரண்டையும் இரண்டு பேருக்குக் கொடுக்காதீர்கள். கல்லூரி நூலகம் எந்த வரையறைக்குள் வருகிறது என்று நிர்வாகத்தின் வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டுப் போட்ட டிவிடிகளைத் திறக்கும் விஷயம் 65ஏ பிரிவில் வருகிறது. அதில் வக்கீலைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

இசைத்தட்டில் இன்னொரு முடிச்சு. ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருஷம். 1930-களின் தட்டுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அதில் பாடியிருப்பது பாபநாசம் சிவன் கீர்த்தனை என்றால், அவர் மறைந்தது 1973-இல். பாட்டுக்கான உரிமை அவர் காலத்துக்குப் பின் 60 வருஷம், அதாவது 2033 முடியும் வரை. தட்டு சுதந்திரம், பாட்டு இல்லை. நூலகத்துக்குள் கேட்க வைப்பதும் பிரதி போட்டு வெளியே கொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

பார்வையற்ற மாணவர்களுக்காக எடுப்பதானால் இவ்வளவு தயக்கம் வேண்டாம். 2012-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவங்களுக்குச் சட்டம் வழி திறந்துவிட்டது. 2014-இல் மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். டெய்சி வடிவப் பேசும் புத்தகம் என்றால் டேட்டா சிடியாகவே எழுதுங்கள். 64 கிலோபிட் எம்பி3-இல் ஒரே சிடியில் 24 மணி நேரத்துக்கு மேல் அடங்கும், நாவல் ஒன்று முழுதாக வந்துவிடும். அதையே ஆடியோ சிடியாக எழுதித் தொலைத்தால் பதினெட்டு தட்டு ஆகும், அத்தியாயம் தாண்டும் வசதியும் போய்விடும்.

வெற்றுத் தட்டு வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு காலத்தில் மோசர் பேர் இருந்தது. உலக அளவில் பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒருவர், நம் நொய்டா பக்கத்து ஆலை. தமிழ்ப் படங்களையும் மலிவு விலை விசிடி, டிவிடியாகப் போட்டு பர்மா பஜார் வியாபாரத்துக்கே போட்டியாக நின்றார்கள். 2018-இல் அந்தக் கம்பெனி கலைப்புக்குப் போய்விட்டது. ஜப்பானில் இத்தொழிலின் முன்னோடியான தையோ யூடன் 2015-ஓடு தட்டுத் தொழிலை விட்டார்கள். சோனி 2025 பிப்ரவரியில் எழுதக்கூடிய புளூ-ரே தட்டுச் செய்வதை நிறுத்தியது. ஆக, இன்று கடையில் கிடைப்பது பழைய ஸ்டாக்கா, யாரோ செய்து யாரோ பெயர் ஒட்டியதா என்பது தட்டின் வெளியே தெரியாது. உள்ளே தெரியும்: தட்டிலேயே செய்தவர் குறியீடு பதிந்திருக்கும், இலவச மென்பொருள் ஒன்றால் படித்துவிடலாம். ஐம்பது தட்டு ஸ்பிண்டில் ஒன்று முதலில் வாங்கி, நாலைந்து எழுதிப் பார்த்து, நன்றாக இருந்தால் அதே குறியீட்டில் மொத்தமாக வாங்குங்கள். ஆயிரம் வருஷம் தாங்கும் என்று அட்டையில் போட்டதும் இருக்கிறது. வாங்கினால் வாங்குங்கள், ஆனால் ஆயிரம் வருஷம் கழித்து டிரைவ் யார் தருவார்கள் என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அச்சு, கலர் லேபிள் எல்லாம் வேண்டாம். நீர் மை மார்க்கரால் நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் அக்செஷன் நம்பரை எழுதினால் போதும். பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது, அரக்கை அழுத்தி உடைத்துவிடும்.

காற்றுக்கு வருகிறேன். எழுதிய தட்டுக்கு இருபது டிகிரிக்குக் குறைவான குளிரும் ஐம்பது சதவீதத்துக்குக் கீழ் ஈரமும் நல்லது என்பார்கள். தாம்பரத்தில் அது நடக்கிற காரியமா? ஏ.சி.யைக் காலையில் போட்டு மாலை ஐந்துக்கு அணைத்துவிட்டுப் போகும் வழக்கம்தான் பெரிய சேதம். இரவெல்லாம் ஈரம் ஏறும், காலையில் சடாரென்று குளிரும், தட்டு தினம் விரிந்து சுருங்கும். இருபத்து நாலு மணி நேர ஏ.சி.க்குப் பணம் இல்லையென்றால் ஏ.சி.யே இல்லாத, வெயில் படாத உள்ளறையில் ஒரு ஸ்டீல் பீரோ, உள்ளே சிலிக்கா ஜெல். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் சட்டியில் வறுத்துத் திரும்ப வையுங்கள், வறுத்த சட்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். யு.பி.எஸ். கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை நிறுத்தும் நாளைப் பேப்பரில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். சொல்லாமல் போகும் கரண்ட்தான் பாதி எழுதிய தட்டைப் பாழாக்கும்.

வெள்ளத்தை மறந்து இந்த வட்டாரத்தில் யாரும் நூலகம் நடத்த முடியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடிக்குப் போனவர்களைப் படகில் இறக்கினார்கள். அடுத்த டிசம்பரிலேயே வர்தா புயல். தட்டு தண்ணீருக்கு ஓரளவு தாங்கும்: நல்ல தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைக்கும். வட்டமாகத் துடைத்தால் போச்சு. காகித உறைதான் ஊறித் தட்டோடு ஒட்டும். ஹார்ட் டிஸ்க் ஊறினால் ஊறியதுதான். அதனால் உங்கள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது. அடையாற்றுக்கு நீர் வடியும் பகுதியிலேயே இருக்கக் கூடாது. உங்கள் நிர்வாகத்துக்கு மதுரையிலோ கோவையிலோ இன்னொரு கல்லூரி இருந்தால் அங்கே அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது போகும்போது மாற்றிக்கொண்டால் போதும். மிச்சப் பணத்தில் முதல் செலவு இதுதான்: இரண்டல்ல, மூன்று ஹார்ட் டிஸ்க்.

அடுத்த செலவு உதிரி டிரைவ்கள். லேசர் தேயும் பொருள். ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசியில் இன்னும் சீக்கிரம் தேயும். இன்றைக்கு டெஸ்க்டாப் டிரைவ் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கிடைக்கும்போதே நாலைந்து வாங்கி, பெட்டி பிரிக்காமல் பீரோவில் வையுங்கள். இன்னும் பத்து வருஷத்தில் உங்கள் நூலகத்திலேயே மதிப்பு மிக்க சாமான் அதுவாக இருக்கும். ஆடிட் பார்க்க வருகிறவர் பயன்படுத்தாத பொருள் என்று எழுதுவார். எழுதட்டும்.

ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு, கமிட்டியில் யாராவது கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் லேப்டாப்பில் டிரைவே இல்லையே, வாசகர் பிரதியை சிடியில் எழுதி யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? ஆய்வேட்டுக்கு உண்மையில் சிடி வேண்டாம். பல்கலைக்கழக ஒப்பந்தம் இருந்தால் ஷோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள், இல்லையென்றால் நூலகத்துக்குள் மட்டும் திறக்கும் கம்ப்யூட்டரில் வையுங்கள். சிடி தேவைப்படுகிறவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். வீட்டில் சிடி பிளேயர் மட்டும் வைத்திருக்கும் முன்னாள் ஆசிரியர். தன் தாத்தா 1970-களில் பேசிய பேச்சைக் கேட்க சிட்லபாக்கத்திலிருந்து வரும் குடும்பம். டெய்சி பிளேயரைக் கைவிடாத வாசகர். மாதத்துக்கு ஐந்து தட்டு, பத்து தட்டு. பதினோரு ரைட்டர் டவர் எதற்கென்று இப்போது கமிட்டியே சொல்லிவிடும்.

ஆகவே ஸ்பெசிஃபிகேஷனில் வேகத்தை எழுதாதீர்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்: வேறு வேறு கம்பெனியின் இரண்டு சாட்டா டிரைவ், முழு அளவு, லேப்டாப் மாதிரி மெலிந்தது வேண்டாம், எழுதிய பின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி, எட்டு ஜிபிக்குக் குறையாத ராம், யு.பி.எஸ்.; பில்லில் டிரைவின் மாடல் எண் தனித்தனியாக. ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது, ஆனால் நேரத்தைப் பாதியாக்க அதை அணைத்துவிட்டு டெமோ காட்டுவார்கள். கண் அங்கேயே இருக்கட்டும்.

டெமோவுக்கு டீலர் கொண்டுவரும் புதுத் தட்டில் எதுவும் தெரியாது. உங்கள் டப்பாவிலேயே மோசமான ஆய்வேட்டு சிடி ஒன்றை, ஸ்டிக்கர் சுருண்டதாகப் பார்த்து எடுத்து வையுங்கள். கூடவே நன்றாகக் கீறிய பாட்டு சிடி ஒன்று. இரண்டையும் எந்த டிரைவ் எவ்வளவு தூரம் படிக்கிறது என்று பாருங்கள், அதுதான் கொட்டேஷன். டீலர் சம்மதிக்காவிட்டால் தாம்பரத்தில் லோக்கல் ஏறி எழும்பூரில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நீங்களே போங்கள். சாதாரண டிரைவ் விற்கும் சின்னக் கடைக்காரர்கள், கூட்டம் இல்லாத நேரமென்றால், மாட்டிக் காட்டத் தயங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலை நெரிசல். வார நாளில் காலை பதினொன்றுக்குப் போவது நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய நூலகர்